கல்மென் சொன்ன பதில்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தராஸ் நகரக் காவல் துறையில் முப்பது வருடம் துப்பறிந்து ஓய்வு பெற்றவர் என் அண்ணன் ரிஸ்பெக். அவருடைய பழைய வழக்கு ஒன்றைத் திருடினேன். (திருடியது பாதிதான். மீதியை ஐந்தாம் பகுதியில் ஒப்புக்கொள்கிறேன்.) நான் குற்ற நாவல் எழுதிப் பிழைப்பவன். இது பன்னிரண்டாவது. எல்லாவற்றிலும் துப்பறிகிறவர்கள் அதே இருவர்தான்: மூத்தவர் ரிஸ்பெக், இளையவன் தாஸ்தான். மூத்தவர் பெயரை மாற்றிவிடட்டுமா என்று முதல் நாவலின்போதே அண்ணனிடம் கேட்டேன்.

"மாத்துனா உன்னத் தூக்கி உள்ள வெச்சிருவேன்டா ஒராஸ்," என்றார்.

2

தொடக்கங்கள்:

குதிரை லாயத்தின் வாசலில் கல்மென் குப்புற... [வேண்டாம். பிணத்தில் தொடங்குவது சோம்பேறித்தனம்.]

பனி உருகத் தொடங்கிய அந்த மார்ச் மாதத்தில்... [வானிலை அறிக்கை.]

ஸயான் அழுதான். [இதுதான்.]

குதிரை வளர்க்கும் கல்மென், லாய வாசலில் தண்ணீர்த் தொட்டியின் கல் விளிம்பில் மண்டை உடைந்து கிடந்தார். பனியில் வழுக்கிவிட்டார் என்றது ஊர். மறுநாள் காலை, சாவு வீட்டு வழக்கப்படி ஆண்கள் வாசலில் கோலூன்றி நின்று, வருகிறவர்களைக் கண்டதும் உறவைச் சொல்லி அழுதார்கள். ஸயான், கல்மெனின் தம்பி, வயது முப்பத்தைந்து. அவன் அழுதது, "எங்கப்பா, என் மலையே" என்று.

எங்கள் பக்கம் தலைப்பிள்ளையைத் தாத்தா வீட்டில் கொடுத்துவிடுவார்கள். அவன் தாத்தாவை அப்பா என்பான், பெற்றவனை அண்ணன் என்பான். பதிவேட்டிலும் அப்படியே ஏறிவிடும். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். ஸயானும் கல்மென் பெற்ற பிள்ளைதான். அன்று வாசலில் அவன் வாய் திறந்துவிட்டான்.

3

"துக்கத்துல வாய் தவறி வந்திருக்கும்," என்றார் ரிஸ்பெக்.

"தவறி வந்தா தடுமாறும்ணே," என்றான் தாஸ்தான். "முப்பத்தஞ்சு வருஷம் அண்ணன்னே கூப்பிட்ட நாக்கு. மொத தடவ அப்பான்னு சொல்லப் போனா தொண்டையில சிக்கும். இவனுக்குச் சிக்கவே இல்ல. முந்தின நாளே ஒரு தடவ சொல்லிட்டான்."

"யாருகிட்ட?"

"கேட்டவருதான் செத்துட்டாரே."

ஸயான் இரண்டாவது கிண்ணம் தேநீருக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். முந்தின நாள் மதியம் லாய வாசலில் வைத்து கல்மெனை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறான். அவர் பெட்டைக்குதிரையைத் தேய்த்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் பதில் சொன்னார்: "உங்கப்பன் மண்ணுக்குள்ள கெடக்கான். நான் உனக்கு அண்ணன். போய்த் தண்ணி கொண்டா." ஸயான் அவரைப் பிடித்துத் தள்ளினான்.

(இந்தப் பதிலை எழுதிய அன்று என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். பத்துச் சொற்கள் இருக்குமா? அதற்குள் ஒரு கொலை.)

4

கையெழுத்துப் பிரதியை அண்ணன் என் வீட்டு அடுக்களையில் உட்கார்ந்து படித்தார். அடுத்த வாரம் அல்மாத்தியில் அவருக்கு இதய அறுவை. எண்ணெய்ப் பண்டம் கூடாது என்று மருத்துவர் சொன்னதைப் பற்றிப் பேசியபடியே பவுர்சாக்கைத் தின்றுகொண்டிருந்தார்.

"என்னைய ஏன்டா இவ்ளோ மக்கா காட்டியிருக்க? கேஸ அந்தப் பொடிப்பய முடிக்கிறான்."

"பதினோரு கேஸ் நீங்கதானண்ணே முடிச்சீங்க. அவனுக்கும் ஒண்ணு வேணாமா?"

பக்கத்தைப் புரட்டினார். பிறகு பின்னால் புரட்டினார்.

"மொத தடவ சொன்னா சிக்கும்னு அவனுக்கு எப்டித் தெரியும்?"

"அவன் கதையில வர்றவன்ணே. எழுதறவன் சொல்லிக்குடுத்ததச் சொல்றான்."

"எழுதறவனுக்கு?"

நான் அவர் கிண்ணத்தில் தேநீரை விளிம்பு வரை ஊற்றினேன். எங்கள் ஊரில் விளிம்பு வரை ஊற்றினால் கிளம்பு என்று பொருள். அண்ணன் கிளம்பவில்லை. அவ்வளவையும் குடித்து முடித்தார்.

5

மீதிப் பாதி இதுதான். அண்ணன் பார்த்த வழக்கில் கொலையே இல்லை, குதிரை உதைத்து ஒருவர் செத்திருந்தார். அழுகையும் பதிலும் என்னுடையவை. எனக்கு நாற்பத்தாறு வயது, அண்ணனுக்கு அறுபத்தைந்து. பதிவேட்டில் நான் அவர் தம்பி. முகம் மழிக்கும்போது கண்ணாடி முன்னால் அந்தச் சொல்லைப் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கண்ணாடி முன்னால்கூடச் சிக்கும்.

பிரதியைப் படித்த அன்று வாசலில் பூட்ஸ் மாட்டும்போது, குனிந்த தலையை நிமிர்த்தாமலே அண்ணன் சொன்னார்.

"அந்தக் கல்மென் பதில மட்டும் மாத்திருடா. பெத்தவன் அப்டிச் சொல்லமாட்டான்."

"மாத்துனா கொலை நடக்காதுண்ணே. நாவலே இல்ல."

"இல்லாட்டிப் போவுது."

6

முடிவுகள்:

(அ) ஸயானைக் கைது செய்கிறார்கள். பதிப்பாளருக்குப் பிடிக்கும்.

(ஆ) ரிஸ்பெக் வழக்குக் கோப்பை மூடி அவனை வீட்டுக்கு அனுப்புகிறார். விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.

(இ) கல்மென் தேய்ப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பி... [இதை நான்கு முறை எழுதிவிட்டேன். அவர் திரும்புகிறார். என்ன சொல்கிறார் என்று தெரியவில்லை. யாரும் எனக்குச் சொன்னதில்லை.]

இன்று வியாழன், காலை எட்டரை. ஒன்பதுக்கு அண்ணனை அறுவைக்கு உள்ளே கொண்டுபோகிறார்கள். ஏதாவது ஆகிவிட்டால் நானும் வாசலில் கோலூன்றி நிற்பேன். அப்போது அந்தச் சொல் சுலபமாக வந்துவிடும், ஏனென்றால் பதில் வராது. பன்னிரண்டு நாவல் எழுதியவனுக்கு ஒரு பதிலைக் கண்டு பயம். வெட்கமாக இருக்கிறது.

தொலைபேசியில் அவர் எண்ணை அழுத்திவிட்டேன். மணி அடிக்கிறது. எடுத்துவிட்டார்.

"சொல்லுடா," என்கிறார்.

தாஸ்தான் கண்டுபிடித்தது சரிதான், சிக்குகிறது. வாசகரே, கல்மென் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இப்போது வேறு வேலை இருக்கிறது.