டெம்பரரி இடத்துப் பலாமரம்

மண்சரிவில் தொழிலாளர் குடியிருந்த லயம் போன அன்று தோட்டத்துத் துரை சொன்ன சொல் அது: டெம்பரரி. “ஆறு மாசந்தான், அப்புறம் வீடு” என்றார். ஹல்துமுல்லைக்கு மேலே தகரக் கொட்டகையில் ஆறு குடும்பங்களை இறக்கிவிட்டார்கள். அந்த ஆறு மாசத்துக்குப் பதினோரு வயதாகிவிட்டது.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் அது டெம்பரரி லைன். கக்கூஸ் கதவு விழுந்தால் அது டெம்பரரி கதவு. அந்த ஆறு குடும்பத்தில் ஒருத்தியான பெரியாயியின் மகள் ஜீவராணி அங்கேயே வயசுக்கு வந்து, கல்யாணம் முடித்து, பிள்ளையும் பெற்றுவிட்டாள். பிள்ளையின் கிளினிக் அட்டையிலும் விலாசத்துக்குப் பக்கத்தில் அதே சொல்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டு கலைந்ததும், பீல்ட் ஆபீசர் விஜேந்திரன் மரம் வெட்டும் இராசையாவோடு கொட்டகைக்கு வந்தார். பின்பக்கம் பெரியாயி நட்ட பலா அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காய்த்திருந்தது.

“டெம்பரரி எடத்துல பெரிய மரம் நிக்கக்கூடாது பெரியாயி. நாளைக்கு எடமே எங்களுதுன்னு சொல்லுவீங்க.”

“ஆறு மாசத்துல பலா காய்க்குமாங்க ஐயா? இத வளர விட்டது நீங்கதானே?”

இராசையா தலையைச் சொறிந்தான். “என்னைய மொறைக்காதக்கா. அனுப்புனாங்க, வந்தேன்.”

“ஒன்னையத் திட்டலடா. வாயத் தொறக்காம நில்லு.” பெரியாயி மரத்துக்கு முன்னால் போய் நின்றாள். “ஐயா, பெர்மிட் எங்க?”

“என்ன பெர்மிட்டு?”

“பலா வெட்ட கவருமெண்டு பெர்மிட்டு வேணும்ல? டவுன்ல கடை வச்சிருக்க புஹாரி முதலாளி தன் சொந்த மரத்த வெட்டவே ரெண்டு மாசம் அலைஞ்சாரு.”

விஜேந்திரன் இராசையாவைப் பார்த்தார். “வாளை எடு, போவோம்” என்று திரும்பினார். கொட்டகைப் பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள்.

பெரியாயிக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

“நில்லுங்க ஐயா! ஒரு மரத்தத் தொட ஒங்களுக்குத் தாள் வேணும். எங்க ஆறு குடும்பத்த இங்க கொண்டாந்து தள்ளுனப்ப எவனாவது தாள் கேட்டானா? மரத்துக்குப் பெர்மிட்டு எழுதுறப்ப எங்க வீட்டுக்கும் சேத்து எழுதச் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணா வந்தா நானே வெட்டித் தாறேன். ஒண்ணு மட்டும் வந்தா, மொதல்ல என்னைய வெட்டுங்க!”

“அதெல்லாம் நாளாகும் பெரியாயி.”

“ஆகட்டும். இங்கதானே இருப்போம்.”