மூன்றாம் மாடி ஜன்னலில் லீக்ஸ் வேர்கள்

மார்ச் முதல் வாரத்தில் எங்கள் கட்டடத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தச் சீட்டு இருந்தது. "மாடிப்படி குப்பை போடும் இடமல்ல. மூன்றாம் மாடி ஜன்னலில் உள்ள அழுகிய காய்கறிகளை உரியவர் உடனே அகற்றவும்." கீழே பெயர் இல்லை. எங்கள் கட்டடத்தில் யாரும் பெயர் போடுவதில்லை.

அழுகிய என்ற சொல்லைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவை என்னுடையவை. நான்கு கண்ணாடித் தம்ளர்கள். இரண்டில் வெங்காயத்தாளின் தடித்த உறவான லீக்ஸின் அடி, ஒன்றில் வெங்காயத்தாள் வேர்கள், ஒன்றில் செலரியின் அடிக்கட்டை. இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினேன். லீக்ஸில் நாம் சாப்பிடும் வெள்ளைப் பகுதி முழுவதும் இலைதான். தண்டு என்பது வேர்கள் புறப்படும் இடத்தில் இருக்கும் சின்ன வில்லை. எல்லாரும் அதைத்தான் வெட்டி எறிகிறார்கள். எறியாமல் தண்ணீரில் நிறுத்தினால் மறுநாளே நடுவிலிருந்து பச்சை எழும்பும். நான் படித்தது தாவரவியல். உயிரோடு இருப்பதைக் குப்பைத் தொட்டியில் போட எனக்குக் கை வருவதில்லை.

என் வீட்டு ஜன்னல்கள் வடக்கே பார்த்தவை. துருவத்தை ஒட்டிய எங்கள் ஔலு நகரத்து மார்ச்சில் வடக்கு ஜன்னலை நம்பி எதையும் வளர்க்க முடியாது. மூன்றாம் மாடித் திருப்பத்து ஜன்னல் தெற்கே பார்த்தது. முற்றத்துப் பனி வெளிச்சத்தை அதற்குள் திருப்பி அனுப்பியது. அதிகாலையில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது போய்த் தண்ணீர் மாற்றிவிட்டு வருவேன். யாரிடமும் பேச வேண்டியிருக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

இந்தச் சீட்டைப் பார்த்ததும் நாலு கதவைத் தட்டி, இது என்னுடையது, அழுகவில்லை, வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் ஊரில் முன்னறிவிப்பில்லாமல் கதவைத் தட்டினால் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைப்பார்கள். நானும் ஒரு சீட்டு எழுதி ஒட்டினேன்.

"இவை அழுகவில்லை. வேருக்கு மேலே இருப்பது உயிருள்ள தண்டு. மூன்று நாளில் இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்திருக்கிறது. மோந்து பாருங்கள்."

நானும் பெயர் போடவில்லை.

மறுநாள் அதன் கீழே பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: "மோந்தேன். வெங்காயம்." இன்னொரு கையெழுத்தில்: "சூப் எப்போது?" நான் படியில் நின்று சிரித்தேன். வென்றுவிட்டதாகவே நினைத்தேன்.

ஏப்ரலில் ஈஸ்டர் வந்தது. வருடாவருடம்போல எல்லா வீட்டிலும் தட்டில் மண் பரப்பிப் புல் விதைத்தார்கள். தட்டுகள் வெளிச்சம் தேடி ஒவ்வொன்றாக அதே ஜன்னலுக்கு வந்து சேர்ந்தன. மொத்தம் எட்டு. சிலவற்றில் பஞ்சாலான மஞ்சள் கோழிக்குஞ்சு. ஒன்றில் நிர்வாகக் குழுத் தலைவர் ரௌனோவின் வீட்டு எண்ணே ஒட்டியிருந்தது. என் தம்ளர்களை மூலைக்குத் தள்ளி இடம் பண்ணிக்கொண்டார்கள். புல்லைப் பற்றிப் பலகையில் ஒரு சீட்டும் இல்லை.

ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை என் தம்ளர்களைக் காணவில்லை. எட்டுத் தட்டுகளும் அப்படியே இருந்தன. பலகையில் புது அறிவிப்பு: "தீ விபத்துத் தடுப்பு விதிப்படி மாடிப்படியில் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது. நிர்வாகக் குழு."

குப்பை அறைக்குப் போனேன். மட்கும் கழிவுத் தொட்டியில் என் செடிகள் மேலாகவே கிடந்தன. லீக்ஸ் ஒரு சாண் வளர்ந்திருந்தது. தம்ளர்களை யாரோ கழுவித் துடைத்து அலமாரியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உடைத்துப் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

மறுநாள் காலையில் ஆறு தம்ளர்கள் வைத்தேன். பெயரில்லாமல்தான்.

மே தொடக்கத்தில் அவையும் போயின. அதற்கடுத்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம், கீழ்த்தளத்து சௌனா என்னும் நீராவிக் குளியலறையில் பெண்கள் முறை. நானும் இரண்டாம் மாடி இர்யாவும் மட்டும் இருந்தோம். இர்யா நகரப் பேருந்து ஓட்டுகிறாள். ஐம்பதைத் தாண்டியவள். சூடான கற்கள்மேல் ஒரு கரண்டித் தண்ணீர் ஊற்றிவிட்டுச் சொன்னாள்:

"எனக்கு ரெண்டாவது எச்சரிக்கை வருது. சனிக்கிழமை ரௌனோ கையெழுத்துப் போட்டு வீட்டுக்காரருக்கு அனுப்புறான். ரெண்டு வந்தா காலி பண்ணணும்னு ஒப்பந்தத்துலயே இருக்கு."

"எதுக்கு எச்சரிக்கை?"

"ஜன்னல்ல லீக்ஸ் வளர்த்தேனாம்."

நீராவி காதைச் சுட்டது.

"நான் லீக்ஸைத் தொடவே மாட்டேன். வயித்துக்கு ஆகாது. எட்டு மணி நேரம் பஸ்ஸுல உக்காந்திருக்கிறவ லீக்ஸ் தின்னா, பின்னாடி இருக்கிற சனம் என்னத்துக்கு ஆகும்?"

"நீங்க இல்லன்னு சொல்லலியா?"

"சொன்னேன். 'போன வருஷம் பால்கனியில காய்கறித் தோலை வாளியில மக்க வெச்சது நீதானே, அப்ப இதுவும் நீதான்'கிறான். முதல் எச்சரிக்கை அதுக்குத்தான் வந்துச்சு. ஒரு தடவை அழுக்குன்னு பேரு வாங்கிட்டா, கட்டடத்துல எங்க நாறினாலும் நம்ம தலையிலதான் விடியும்."

நான் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரௌனோகூடப் பரவாயில்ல. அந்தச் சீட்டு எழுதுச்சே ஒண்ணு, அது மேலதான் எனக்கு எரியுது. தண்டாம், சென்டிமீட்டராம், மோந்து பாக்கணுமாம். பாடம் எடுக்கத் தெரியுது, பேரு போடத் தெரியல. தொடநடுங்கி." இன்னொரு கரண்டி ஊற்றினாள். "சூடு போதுமா பொண்ணே? முகமெல்லாம் செவந்து கிடக்கு."

"போதும்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வீட்டுக்குப் போய் ரௌனோவுக்குக் கடிதம் எழுதினேன். நான்கு முறை. நான்காவதில் பெயரும் வீட்டு எண்ணும் போட்டு, அவர் கதவுவரை கொண்டுபோனேன். உள்ளே ரேடியோ கேட்டது. கடிதத் துளையில் போட்டுவிட்டு ஓடிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். நேரில் பேசாமல் எழுதி எழுதித்தான் இர்யாவை இந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவந்தேன். கதவைத் தட்டும் தைரியமும் வரவில்லை. வெள்ளிக்கிழமையும் அப்படியே போயிற்று.

சனிக்கிழமை வசந்தகாலக் கூட்டு வேலை. பனியில் வழுக்காமலிருக்க முற்றத்தில் தூவிய மணலை எல்லாரும் சேர்ந்து வாரி அள்ளும் நாள். இருபது பேராவது வந்திருந்தார்கள். அடுப்பில் சாஸேஜ் வெந்துகொண்டிருந்தது. பக்கத்து மேசையில் காப்பி பிளாஸ்க்கின் கீழே ரௌனோவின் கோப்பு, அதற்குள் இர்யாவுக்கான எச்சரிக்கைக் கடிதம். இர்யா தள்ளுவண்டிக்கு மணல் வாரிக்கொண்டிருந்தாள்.

"ரௌனோ, அந்தக் கடிதம் தப்பு," என்றேன்.

"என்னம்மா? கேக்கல."

"லீக்ஸ் என்னோடது. ரெண்டு தடவையும்."

வாருகோல்களின் சத்தம் நின்றது. ரௌனோ சிரித்தார்.

"அவளுக்காகப் பரிஞ்சு பேசுறே. நல்ல மனசு. ஆனா நீ அமைதியான பொண்ணு, சைமி. உன்னால இங்க ஒரு தொந்தரவும் வந்ததில்ல."

பயம் அந்த இடத்தில்தான் போயிற்று.

"நான் வாயைத் திறக்காததால நான் செய்யலன்னு ஆயிடுமா? அவங்க வாயைத் திறக்கிறாங்கங்கிறதுக்காக அவங்கதான் செஞ்சாங்களா? யாரையாவது கேட்டீங்களா? என்னைக் கேட்டீங்களா?"

"சரி, சரி. யாரோடதா இருந்தாலும் தீ விதி தீ விதிதான். பேரை மாத்திக்கலாம்."

"மாத்துங்க. கூடவே இன்னும் எட்டுக் கடிதம் எழுதுங்க."

"எதுக்கு?"

"ஈஸ்டர் புல்லுக்கு. அந்த எட்டுத் தட்டும் இன்னும் ஜன்னல்லதான் இருக்கு. ஒரு மாசமா ஒருத்தரும் தண்ணி ஊத்தல. என் லீக்ஸ் தண்ணியில நின்னுச்சு. உங்க தட்டுல இருக்கிறது வைக்கோல். எது முதல்ல பத்திக்கும்?"

"அது அலங்காரம்."

"விதியில அலங்காரம்னு ஒரு சொல் இருக்கா? படிச்சுக் காட்டுங்க."

அவர் கோப்பைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டார். படிக்கவில்லை.

தரைத்தளத்துப் பெண் ஒருத்தி வாருகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு இருவர். தட்டுகளை மார்போடு மறைத்துக் கொண்டுவந்து மட்கும் கழிவுத் தொட்டியில் கவிழ்த்தார்கள். கோழிக்குஞ்சுகள் சட்டைப்பைக்குள் போயின. கடைசியாகப் போனவர் ரௌனோவின் மனைவி.

"இப்ப ஜன்னல் காலி," என்றார் ரௌனோ. "எட்டுக் கடிதத்துக்கு வேலையில்ல."

"என் லீக்ஸும் இல்ல. அதை நீங்களே காலி பண்ணிட்டீங்க."

"உன்னோடது பதிவாயிடுச்சு."

கடிதத்தில் இர்யாவின் பெயரை அடித்து மேலே என் பெயரை எழுதினார். அந்த எட்டு வீட்டாரும் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சாஸேஜைத் திருப்பிப் போட்டார்கள். நான் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன்.

"அது செல்லாது." இர்யா வந்து நின்றாள். "அடிச்ச பேரு அடியில தெரியும். என் பேரு எங்கயும் இல்லாம புதுத்தாள்ல எழுது. இப்பவே."

"இர்யா, திங்கக்கிழமை..."

"இப்பவே, ரௌனோ."

அவர் எழுதினார். அவள் பழைய தாளை வாங்கி நான்காகக் கிழித்துக் கையுறைக்குள் திணித்தாள். என் பெயரிலான முதல் எச்சரிக்கையில் நான் கையெழுத்திட்டேன். பிறகு அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வியாழக்கிழமை உன் பக்கத்துல உக்காந்துதான் சொன்னேன்."

"ஆமா."

"நீ 'போதும்'னே."

"ஆமா."

"நேத்து முழுக்கக் கடை கடையா அட்டைப்பெட்டி கேட்டு அலைஞ்சேன், சாமான் கட்டுறதுக்கு."

மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை ஆட்டவில்லை.

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாம். இப்ப இல்ல. வண்டியைத் தள்ளு."

அவள் வாரினாள். ஒவ்வொரு தடவையும் விளிம்புக்கு மேல் குவியும் அளவுக்கு அள்ளிப் போட்டாள். பாதி போட்டாலே எனக்குக் கனம் என்பது அவளுக்குத் தெரியும். நான் வாசல்வரை தள்ளிக்கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, காலி வண்டியோடு அவளிடம் திரும்பினேன்.