முப்பது ராத்தல் இரும்பு

…நானூற்றுப் பன்னிரண்டு, அந்த ஒரு பக்கத்தை மட்டும் வாசிக்காமல் விட்டுவிடட்டும் ஆண்டவரே, மற்ற எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் வாசிக்கட்டும், கொட்டாவிகூட விடாமல் கேட்கிறேன் என்று முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள் வேதமணி. கண்ணைத் திறந்துகொண்டு பண்ணுகிற ஜெபம் செல்லுமோ செல்லாதோ, ஆனால் மூடவும் முடியவில்லையே, மேடையில் சாயர்புரத்துச் சரித்திரப் பேராசிரியர் சங்கரலிங்கம் விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டே பேசுகிறார், எந்தத் தாளில் நிற்பாரோ, அவர் பக்கத்தில் அவள் வீட்டுக்காரர் அருமைநாயகம், கல்யாணத்தன்றுகூட இப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை மனுஷன், கழுத்தில் மாலையும் உடம்பில் புதுச்சட்டையுமாக… சட்டை நன்றாகத்தான் இருக்கிறது, அவருக்கு இடது தோள் ஒரு விரற்கடை இறக்கம், முப்பது வருஷம் கஸ்டம்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏணி ஏறின தோள், பதினோரு வருஷமாக எந்த டெய்லர் தைத்தாலும் அந்தப் பக்கம் தொய்ந்துதான் நிற்கும், இன்றைக்குப் பார், ஒரு சுருக்கம் இல்லை, பஜாரில் யாரோ ஒரு ஆள் தைத்தது என்றாரே, யாராக இருந்தால் என்ன, அவன் கை நன்றாக இருக்கட்டும். ஜன்னல் வழியே உப்புக்காற்று வந்து மேஜை விரிப்பைத் தூக்கியது, பழைய துறைமுகத்துப் பக்கம் ஒரு படகு ஊதியது, இருபது வருஷ ஆசை இன்றைக்குப் புத்தகமாகிவிட்டது, தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு பக்கம், இரண்டாம் உலக யுத்தம் முழுவதும், போலந்திலிருந்து ஹிரோஷிமா வரைக்கும், தமிழில், நம்ம தூத்துக்குடியில் அச்சடித்தது. சந்தோஷத்தில் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது, அந்த ஒரு பக்கம் மட்டும் மீன்முள் மாதிரி தொண்டையில் நின்றது.

எழுதினது அவர்தான், யார் இல்லையென்றது, ஆனால் அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி, அச்சகத்துக்காரர் முதல் கட்டைப் பார்த்துவிட்டு இது தமிழா ஜெர்மனா என்று கேட்டாராம், அதனால் யுத்தம் முழுவதையும் ஏழு வருஷமாக அடுப்பங்கரை மேஜையில் உட்கார்ந்து முத்து முத்தாகப் படியெடுத்தவள் வேதமணி. அவளுக்கு யுத்தத்தின் தேதிகளே வேறு, ஜெயசெல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தபோது போலந்து விழுந்தது, பேரனுக்குப் பல் முளைத்தபோது பாரிஸ், மழையில் கொல்லைச்சுவர் இடிந்த வாரம் லண்டன் மேல் குண்டு… மியூனிக் ஒப்பந்தம் என்று அவர் மூன்று நாள் மண்டையை உடைத்தாரே, அவளுக்கு ஒரு நொடியில் புரிந்துபோனது, சாத்தான்குளத்தில் அப்பாவின் பனந்தோப்பு வேலியைப் பக்கத்துக்காரன் வருஷத்துக்கு ஒரு சாண் நகர்த்தினான், முதல் சாணுக்கு அப்பா சும்மா இருந்தார், அது ரைன்லாந்து, இரண்டாம் சாணுக்குப் போனால் போகட்டும் என்றார், அது ஆஸ்திரியா, மூன்றாம் சாணுக்கு ஊர்ப்பெரியவர்களே கூடி, சரி வைத்துக்கொள், ஆனால் இதோடு நிறுத்து என்று எழுதிக் கொடுத்தார்கள், அதுதானே மியூனிக், நிறுத்தினானா, அடுத்த வருஷம் கிணற்றையே கேட்டான் படுபாவி! லெனின்கிராடில் ஒரு நாளைக்கு ஆளுக்கு நூற்றிருபத்தைந்து கிராம் ரொட்டி என்று எழுதிய அன்று, அது எம்மட்டு என்று பார்க்க மாவை நிறுத்து உருட்டி உள்ளங்கையில் வைத்தாள், வைத்துக்கொண்டு அப்படியே அழுதாள். ஸ்டாலின்கிராட், அது பால் பொங்கின அத்தியாயம்… பொங்கி வழிந்ததை அவசரமாக இறக்கப் போய் அவர் எழுதின தாளில் தீப்பிடித்து, குண்டு விழுகிற நேரத்திலும் பெண்கள் வோல்கா ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போன பத்தி முழுசாகக் கரியாகிவிட்டது, என்ன செய்ய, ஞாபகத்தில் இருந்தது கொஞ்சம், தன் மனசில் பட்டது கொஞ்சம் என்று அவளே எழுதி ஒப்பேற்றினாள். அன்று சாயந்தரம் வந்தவர் பால் இல்லாத கடுங்காப்பியைக் குடித்துவிட்டு, தாள்கட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வேதம், ஸ்டாலின்கிராட் நல்லா வந்திருக்கு" என்றார். அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

பார்த்திருந்தால் விடுவாரா, ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பார், கர்த்தருடைய நாமத்தைவிட அந்த வாயில் அதிகம் வந்த வார்த்தை அதுதான்… கப்பல் சோதனைக்குப் போனால் மற்ற அதிகாரிகள் விஸ்கி பாட்டிலை எங்கே ஒளித்திருக்கிறான் என்று தேடுவார்கள், இவர் யுத்தத்தில் நீ எங்கே இருந்தாய் என்று விசாரிப்பார். வார்சாவில் சாக்கடைக் குழாய்க்குள் ஊர்ந்து தப்பித்ததைப் போலந்துக் கப்பல்காரன் ஒருவன் சொன்னான், கிரீட் தீவில் ஜெர்மன்காரர்கள் பாராசூட்டில் இறங்கியதைக் கிரேக்கக் கப்பலின் சமையல்காரன் கரண்டியை ஆட்டி ஆட்டிச் சொன்னான், எல்லாவற்றையும் நோட்டில் எழுதித் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, முத்துக்குளித்துக் கரையேறினவன் மாதிரி பூரித்துப்போய் வீட்டுக்கு வருவார். நல்லதுதான், யார் வேண்டாமென்றது, ஆனால் எங்கேயோ கிடக்கிற சமையல்காரன் சொன்னால் ஆதாரம், கட்டின பெண்டாட்டியின் அண்ணன் சொன்னால் புளுகா?

அண்ணன்… வந்திருக்கிறானா, தபாலில் அழைப்பு போட்டாளே, மெல்லத் திரும்பிப் பார்த்தாள், வந்திருக்கிறான்! கடைசி வரிசையில் வாசலை ஒட்டி, கையைக் கட்டிக்கொண்டு, அவளுடைய தேவபிரசாதம் அண்ணன், நாசரேத்தில் தையல்கடை வைத்திருப்பவன், பதினோரு வருஷமாக அவள் வீட்டுப் படியை மிதிக்காதவன். ஜெயசெல்வி கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில், சம்பந்தி வீட்டார் எல்லாம் பந்தியில் இருக்க, ரங்கூனிலிருந்து நடந்து வந்த கதையை எடுத்தான் பாவி, சும்மா சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா, நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் நெருங்கினதும் மிதிகட்டையோடு ஸ்டாண்டை விட்டுவிட்டு, தையல் மிஷினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, காடும் மலையுமாக இம்பால் வரைக்கும் நடந்தானாம், வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை நம்மாளுக்கு ஒரு பாதை என்று பிரித்து விட்டார்களாம், கூட வந்தவர்கள் வெண்கலப் பானையைக்கூட வீசிவிட்டுப் போனார்களாம், இவன் முப்பது ராத்தல் இரும்பை விடவில்லையாம். வீட்டுக்காரர் சோற்றுக்கையோடு நிமிர்ந்து, "மச்சான், வெறுங்கையோட நடந்தவனே வழில செத்துக் கெடந்த பாத அது. நீரு முப்பது ராத்தலத் தூக்கிட்டு வந்தீரா? ஆதாரம் இருக்கா?" என்றார், பந்தியே சிரித்தது. "மிஷினு கடைல இருக்கு, வந்து பாரும்" என்றான் அண்ணன். "மிஷினு இருக்கும். அத ரங்கூன்ல வாங்கினீரா, நாசரேத்துல வாங்கினீரா, யாரு கண்டா?" என்றார் இவர். நான் கண்டேன், பதினேழு வயசில் வாசலில் நின்று கண்டேன், அவன் உச்சந்தலையில் மயிர் தேய்ந்து ஒரு ரூபாய் அகலத்துக்குப் பளபளத்ததை இந்தக் கையால் தடவினேன் என்று வேதமணி கத்தினாள், "நீ அவரு தங்கச்சி, ஒஞ்சாட்சி செல்லாது" என்றுவிட்டார், அண்ணன் இலையை மூடிவிட்டு எழுந்துபோனவன்தான்.

அந்தக் கோபம் அவளுக்கு ஆறியேதான் இருந்தது, யூரல் மலை வரும் வரைக்கும். ஹிட்லர் படை நெருங்கியபோது ருஷ்யக்காரன் ஆயிரத்தைந்நூறு தொழிற்சாலைகளைத் திருகாணி திருகாணியாகக் கழற்றி, ரயிலில் ஏற்றி, யூரலுக்கு அப்பால் பனிக்குள் கொண்டுபோய்ப் பூட்டினானாம், கூரை போடுவதற்கு முன்னாலேயே டாங்கி செய்ய ஆரம்பித்துவிட்டானாம், அந்த யுத்தத்தையே திருப்பியது அதுதானாம், பதினாறு பக்கம் உருகி உருகி எழுதியிருந்தார், படியெடுத்துக்கொண்டே வந்தவளுக்குப் பேனா நின்றுவிட்டது. ஆயிரத்தைந்நூறு தொழிற்சாலையைத் தூக்கினான் என்றால் நம்புவீராம், என் அண்ணன் ஒரே ஒரு மிஷினைத் தூக்கினான் என்றால் நம்பமாட்டீராம், அவனுக்கும் அதுதானே ஐயா தொழிற்சாலை? அன்றைக்கே முடிவு செய்தாள், பர்மா அத்தியாயம் வந்ததும் அவருடைய நடையிலேயே ஒரு வரியை நடுவில் சொருகினாள், "இவ்வழியே நடந்தவர்களுள் ஒருவரான நாசரேத் தேவபிரசாதம், முப்பது ராத்தல் எடையுள்ள தையல் இயந்திரத்தைத் தலையில் சுமந்தே தாய்நாடு சேர்ந்தார்." எழுதும்போது பயம் வரவில்லை, இப்போது வருகிறது. அச்சகத்திலிருந்து ப்ரூஃப் வந்தபோதே பிடிபட்டுவிடும் என்று பயந்தாள், ஆறு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ப்ரூஃப் பார்க்கப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு போனார், ஒன்றும் சொல்லவில்லை, கண்ணில் புரை விழுந்திருக்கிறது, கவனிக்கவில்லை போலும். ஆனால் இத்தனை பேர் முன்னால் காதில் விழுந்தால்? பிரசங்கத்தில் பாதிரி ஐயர் நீரோ மன்னன் செத்த வருஷத்தைத் தப்பாகச் சொன்னார் என்று பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று திருத்தின மனுஷனாச்சே, இங்கேயும் எழுந்து, இந்த வரி என்னுடையது அல்ல, இதற்கு ஆதாரம் கிடையாது என்று சொல்லிவிட்டால், அண்ணனுக்கு இரண்டாம் தடவையும் அவமானம், அதுவும் என் கையால்…

"பர்மாவிலிருந்து நம்மவர்கள் நடந்து வந்த பக்கம் ஒன்று இருக்கிறது, அதை வாசிக்காமல் உட்கார எனக்கு மனசு வரவில்லை" என்றார் பேராசிரியர். போச்சு. எல்லாம் போச்சு. வேதமணி மடியிலிருந்த புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், பேராசிரியர் நிறுத்தி நிதானமாக வாசிக்கிறார், காட்டுப்பாதை, சேறு, காலரா, இரண்டு பாதைகள், இதோ வந்துவிட்டது, இவ்வழியே நடந்தவர்களுள் ஒருவரான நாசரேத் தேவபிரசாதம், என்று அண்ணன் பெயர் ஒலிபெருக்கியில் மண்டபம் முழுக்கக் கேட்கிறது, அவர் எழுந்திருக்கிறாரா, இல்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், பேராசிரியர் வரியை முடித்துவிட்டார், முடித்துவிட்டு… என்ன இது, இன்னும் வாசிக்கிறாரே, அவள் எழுதாததை வாசிக்கிறாரே: "அவ்வியந்திரத்தை இந்நூலாசிரியர் நேரில் கண்டார். நாசரேத் கடைத்தெருத் தராசில் அதன் எடை முப்பத்தொரு ராத்தல். ரங்கூன் கடையின் பித்தளைத் தகடு இன்னும் அதில் இருக்கிறது. அது இன்றும் தைக்கிறது. இவ்வரலாற்றைப் பதினோரு ஆண்டுகள் நம்ப மறுத்த மூடர் ஒருவர் உண்டு, அவரே இந்நூலாசிரியர்."

கடைசி வரிசையிலிருந்து அண்ணன் குரல், பந்தியிலும் கோயிலிலும் அடங்காத அதே குரல், "முப்பத்தொண்ணேகாலு, மச்சான்! கால் ராத்தல விட்டுட்டீரே!" அவ்வளவுதான், இவர் பழக்கதோஷத்தில் விருட்டென்று எழுந்து, மாலை ஒரு பக்கம் சரிய, மைக்கை இழுத்து, "அந்தக் காலுக்கு ஆதாரம் இருக்காவே?" என்றார். "தராசு அங்கனதான் இருக்கு, ஞாயித்துக்கெழம வாரும்" என்றான் அண்ணன், ஜனங்கள் சிரித்த சிரிப்பில் ஜன்னலில் இருந்த காக்கை பறந்தது, வேதமணியும் சிரித்தாள், கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது, துடைக்கத் தோன்றவில்லை, அடப்பாவிகளா, ஞாயிற்றுக்கிழமையில் எந்த அச்சகம் திறந்திருக்கும், ஆறு ஞாயிறும் நாசரேத் பஸ்ஸில் போய் அண்ணன் கடையில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறார், அந்த இடது தோள், ஐயோ, அந்தத் தோளுக்கு அளவு தெரிந்தவன் உலகத்திலேயே ஒரே டெய்லர்தானே, இரண்டு பேரும் சேர்ந்து என்னை முட்டாளாக்கியிருக்கிறார்களே, இருக்கட்டும், இன்றைக்கு ராத்திரி என் வீட்டில் அண்ணனுக்கு இலை போடுவேன், இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பிடி பிடிக்கிறேன். மேடையிலிருந்து அவர் அவளைப் பார்த்தார், கண்ணாடிக்கு மேலாக, கப்பலில் ஒளித்துவைத்த பொருளைக் கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்காமல் நிற்கிற கஸ்டம்ஸ்காரர் பார்வை, புரை விழுந்த கண்ணா அது? வேதமணியின் கை தானாகப் புத்தகத்தை ஸ்டாலின்கிராட் பக்கம் தள்ளிக்கொண்டு போய், திறக்காமல் நின்றது… அந்தச் சாயந்தரம் பால் எங்கே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லையே மனுஷன், தீய்ந்த வாசம் வீடெல்லாம் அடித்ததே, கடுங்காப்பியைக் குடித்துக்கொண்டே, நல்லா வந்திருக்கு வேதம் என்றாரே, தாள்கட்டைத் தொடவில்லை என்றுதானே இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறேன், நான் கொல்லைக்குப் போய்ப் பால்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில்… வாசித்திருப்பாரோ?