வெளுக்காத நீலம்

ஏற்காட்டில் அற்புதத்தைச் சரியாகத் தெரியாதவர்கள் அவள் கோரைப்பாய் விற்கிறாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சேலத்திலிருந்து மேலே வரும் பஸ்ஸில் அவள் பெயருக்கு மூட்டை வந்தால், "பாய்க்கார அக்காவுக்கு லோடு வந்திருக்குது" என்று சொல்லிக் கண்டக்டர் இறக்கிப் போடுவார். அவளும் திருத்த மாட்டாள். ஒருமுறை ஒருவர், மகள் கல்யாணத்துக்கு முப்பது பாய் வேண்டும் என்று அவள் பட்டறை இருக்கும் வெள்ளக்கடை வரைக்கும் பைக்கில் வந்துவிட்டார். மரத்தளத்தில் நாற்பதடிக்கு விரிந்து கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தவர், "ஏனுங்க, இதுல ஊரே படுக்கலாமுங்களே" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார்.

அவள் தைப்பது கடலில் ஓடும் படகுகளின் பாய். புதுச்சேரியில் ஒரு பாய்க் கம்பெனியில் பதினாறு வருஷம் வேலை பார்த்துவிட்டு, பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொந்த மலைக்கே திரும்பி, எஸ்டேட்டில் சும்மா கிடந்த காப்பிக் குடோனை வாடகைக்குப் பிடித்தாள். மலையில் உட்கார்ந்து கடலுக்குத் தைப்பதா என்று கேட்டுச் சிரித்தவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. "பாயி பஸ்ஸுல வந்துரும். இத்தனை நீளத் தரை எந்த பஸ்ஸுல வருமுங்க?"

கொச்சியிலிருந்தும் கோவாவிலிருந்தும் மூட்டைகள் வந்தன. "இன்னும் மூணு வருசம் தாங்குமுங்க" என்று அவள் சொன்ன பாய் மூன்று வருஷம் தாங்கியது. "இது ஆகாது" என்று சொன்னதைக் கேட்காமல் ஏற்றியவர்கள், பிறகு கிழிசலைப் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். தன் கைக்கும் கண்ணுக்கும் தப்பு வராது என்று அற்புதம் நம்பினாள். அந்த நம்பிக்கையை அவள் ஒளித்து வைத்துக்கொண்டதும் இல்லை.

ஜனவரி மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, ஜீவானந்தம் தன் ஜீப்பில் இரண்டு மூட்டைகளோடு வந்து இறங்கினார். கப்பலில் முப்பது வருஷம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்று, ஏரிப் பக்கம் வீடு கட்டிக்கொண்டவர். கொச்சியில் ஒரு பாய்மரப் படகு வைத்திருந்தார். அந்தப் படகில் லட்சத்தீவு, மாலத்தீவு, இலங்கை என்று மூன்று மாதம் சுற்றிவரப் போகிறார். கூடப் போகும் ஒரே ஆள் அற்புதத்தின் மகள் பிரிஸ்கில்லா.

பிரிஸ்கில்லாவுக்கு இருபத்தாறு வயது. சென்னையில் படிக்கும்போதே படகு ஓட்டப் பழகியவள். "எங்கம்மா தெச்ச பாயிலதான் போறேன்" என்று சர்ச்சில் ஒருவர் விடாமல் சொல்லி முடித்திருந்தாள். அது உண்மைதான். ஜீவானந்தத்தின் படகுக்கு முனையில் ஏற்றும் முன்பாயைத் தைத்தது அற்புதம். சொந்தக் குடோனில், சொந்தப் பெயரில் அவள் தைத்த முதல் பாய் அது. அது தரையில் விரிந்து கிடக்கும் போட்டோ ஒன்று குடோன் சுவரில் மாதா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

"செருப்பை அக்கட்ட உட்டுட்டு வாங்க சார்."

ஜீவானந்தம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, படகு ஓடிய மணிக்கணக்கு எழுதிய ஒரு நோட்டை நீட்டினார். "பன்னெண்டு வருசத்துல மொத்தம் முன்னூத்தி எம்பது மணி நேரம்தான் ஓடியிருக்குது, அற்புதம்மா. இன்ஜினா இருந்தா இன்னும் புதுசுன்னு சொல்லுவேன்."

"அந்த இன்னொரு மூட்டை?"

"அது நாலு வருசத்துப் பாய், நம்ம படகு அளவுதான். ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போகும்போது தலையில கட்டிட்டான். ரெண்டாயிரத்து எண்ணூறு மணி நேரம் ஓட்டித் தள்ளிட்டான் அவன். தினமும் சாயங்காலம் கழட்டிப் பையில போட்டுப் பூட்டி வெப்பான், ஏதோ நகை மாதிரி. நடுவுல தொங்கித் தொப்பை போட்டுருச்சு, கறை வேற. உங்க காப்பிக் கொட்டை மேல மூடிக்கங்க."

அற்புதமும், அவளிடம் மெஷின் ஓட்டும் அத்தாயியும் முதல் பாயை விரித்தார்கள். இப்போதெல்லாம் முன்பாயை இறக்கி மடிப்பதில்லை. ஒரு கயிற்றை இழுத்தால் உருளை திரும்பி, படகின் முன்கம்பியைச் சுற்றிப் பாய் சுருண்டுகொள்ளும். சுருண்ட பிறகு கடைசிச் சுற்றின் ஓரம் மட்டும் வெயிலில் நிற்கும். அதைக் காப்பாற்றத்தான் ஓரம் நெடுக ஒரு நீலப் பட்டை தைப்பார்கள். அந்தப் பாய்க்கும் அற்புதம் தைத்திருந்தாள். பட்டையின் மேலே வெள்ளை நூலில் 'அற்புதம், ஏற்காடு, 1' என்று பெயரையும் போட்டிருந்தாள். மிஞ்சிய நீலத் துணியில் தன் ஸ்கூட்டர் சீட்டுக்கு ஓர் உறையும் தைத்துக்கொண்டாள்.

நீலம் பளிச்சென்று இருந்தது. நேற்றுத்தான் கடையிலிருந்து எடுத்து வந்த துணி என்று சொன்னாலும் நம்பலாம். வெள்ளைத் துணியில் ஒரு கறை இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. தையலோ, போட்ட வரிசையில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அற்புதம் மண்டியிட்டு ஓரம் நெடுக விரலை ஓட்டிக்கொண்டே போனாள். மற்றவர்களின் பாய் என்றால் புரட்டிப் போட்டு அடிப்பக்கமும் பார்ப்பாள். இது தன்னுடைய பாய். பார்க்கப் பார்க்க அவளுக்குப் பூரித்துப் போயிற்று, உண்மையைச் சொல்வதென்றால் அந்தப் பூரிப்பில்தான் புரட்ட மறந்தாள்.

"பாத்தியா அத்தாயி? பன்னெண்டு வருசம். நீலம் இம்மியும் வெளுக்கலை."

"உங்க கையிங்க அக்கா, சும்மாவா" என்றாள் அத்தாயி.

"எடுத்துட்டுப் போங்க சார். எம் பேருல போலாம்."

ஜீப்பில் கூட வந்திருந்த பிரிஸ்கில்லா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொச்சிக்குக் கிளம்புவது என்று ஏற்பாடு. சனிக்கிழமை வந்து பாயை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஜீவானந்தம் போனார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பனி இறங்கத் தொடங்கியது. அத்தாயியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்புவதற்காக அற்புதம் ஸ்கூட்டரைத் தள்ளினாள். சீட்டு உறை நனைந்திருந்தது. துடைத்தவள் கையைப் பாதியில் நிறுத்தினாள்.

உறை சாம்பல் நிறத்தில் இருந்தது. ஓரத்து மடிப்புக்குள் மட்டும் கோடு போல நீலம் தெரிந்தது. அதே சுருள், அதே வருஷம், அதே துணி. வருஷத்தில் பாதி நாள் பனி மூடிக் கிடக்கும் இந்த மலையிலேயே இப்படி வெளுத்திருக்கிறது. கொச்சித் துறைமுகத்து வெயிலில் பன்னிரண்டு வருஷம் நின்ற பட்டை எப்படி வெளுக்காமல் இருக்கும்?

"என்னாச்சுங்க அக்கா?"

"அத்தாயி, அந்த நீலம் வெயிலையே பாக்கலை."

அத்தாயிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அற்புதம் அதற்குள் குடோன் பூட்டைத் திறந்துவிட்டாள். இருவருமாகப் பாயைப் புரட்டிப் போட்டார்கள். நீலப் பட்டை அடியில் போய், ஓரத்தின் வெறும் வெள்ளைத் துணி மேலே வந்தது. பார்வைக்கு அதுவும் வெள்ளையாகத்தான் இருந்தது. வெள்ளைத் துணி வெயில் குடித்தால் காட்டிக் கொடுக்காது. அற்புதம் தையல் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தாள். அடிநூல் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்னும் ஓர் அடி தள்ளி இழுத்தாள். அங்கேயும் உதிர்ந்தது. அத்தாயி துணியைத் தடவிவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். சுண்ணாம்பு ஒட்டியதுபோல வெளுப்பாக இருந்தது.

அற்புதம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பாயைத்தான் காலையில் தன் பேரில் போகலாம் என்றாள். கரையே தெரியாத இடத்தில், காற்று ஏறுகிற நேரத்தில், மகளின் தலைக்கு மேல் இது கிழிந்திருக்கும். பயம் ஒரு பக்கம், வெட்கம் ஒரு பக்கம். இரண்டில் எது பெரியது என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் வெட்கம்தான் என்று அவள் பின்னால் ஒப்புக்கொண்டாள்.

"கண்ணு, சாருக்குப் போனைப் போடு. காலையில வரச் சொல்லு" என்று வீட்டுக்குப் போனதும் மகளிடம் சொன்னாள். "பாயி ஆகாது."

"காலையில நல்லாருக்குதுன்னு நீதானம்மா சொன்ன?"

"தப்பாச் சொல்லிட்டேன்."

அம்மா அந்த வார்த்தையைச் சொல்லி பிரிஸ்கில்லா கேட்டதே இல்லை. உடனே போனை எடுத்தாள்.

மறுநாள் ஜீவானந்தம் நோட்டோடும் கோபத்தோடும் வந்தார். "முன்னூத்தி எம்பது மணி நேரம் ஓடின பாய் எப்படிங்க கெட்டுப் போகும்? கணக்கு இருக்குதில்ல?"

"ஓடின மணியை எழுதியிருக்கறீங்க சார். நின்ன மணியை எழுதுனீங்களா? உருளையை எப்ப மாட்டுனீங்க?"

"அது ஆச்சு, பன்னெண்டு வருசம், பாய் வாங்கினப்பவே. கொச்சியில ஒருத்தர் மாட்டிக் கொடுத்தார்."

"அவரு கயித்தை எந்தப் பக்கமாச் சுத்துனாரு?"

ஜீவானந்தம் யோசித்தார். "எப்படிச் சுத்தினா என்ன? சுருண்டா சரிதானே?"

"எதிர்ப்பக்கமாச் சுத்தியிருக்கறாருங்க. நீலம் உள்ள போயிருச்சு, வெறுந்துணி வெளிய நின்னுருக்குது. பன்னெண்டு வருசமா ராத்திரி போக மிச்ச நேரமெல்லாம் வெயிலு. இன்ஜினு ஓடுனாத் தேயும், நிறுத்துனா நின்னுக்கும். பாயி அப்படியில்லீங்க சார். ஓடுனா அதோட உடம்பு தளரும், தொப்பை போடும். வெயில்ல சும்மா நின்னாத்தான் உசுரு போவும்."

"பாத்தா புதுசாட்டம் இருக்குதே."

"நானும் அப்படித்தான் ஏமாந்தேன். இழுத்துப் பாருங்க."

அவர் கை நீட்டவில்லை. பட்டையில் இருந்த பெயரைப் பார்த்தார், சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார். "உங்க மொதப் பாயுங்க. நான் போய் எப்படி..."

அற்புதம் தானே குனிந்தாள். தன் பெயர் இருந்த இடத்தில் பட்டையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தாள். வாழைப்பழத் தோல் உரிவதுபோல நீலப் பட்டை மூன்றடிக்கு உரிந்து, பெயரோடு அவள் கையில் வந்தது. பிறகு வெள்ளைத் துணியின் ஓரத்தில் கத்திரியால் சின்னதாக ஒரு வெட்டுப் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்துப் பிரித்தாள். சர்ரென்று பாய் கிழிந்தது. அத்தாயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அற்புதம் நிறுத்தவில்லை. கறை படிந்த அந்த இன்னொரு மூட்டையை அவிழ்த்து, அதன் ஓரத்திலும் அதேபோல ஒரு வெட்டுப் போட்டாள். "இப்ப இதை இழுங்க சார்."

ஜீவானந்தம் பிடித்து இழுத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அவர் முகம் சிவந்ததுதான் மிச்சம், துணி ஒரு நூல்கூட விடவில்லை.

"இது தினமும் சாயங்காலம் பையில தூங்குன பாயி" என்றாள் அற்புதம். "வேலை பாத்து அலுத்துருக்குது, அவ்வளவுதான். செத்துப் போவலை. மூணு தையலைப் பிரிச்சு உள்ள பிடிச்சா தொப்பை வத்திரும். மத்த தையலெல்லாம் புது நூலுல ஒருக்கா ஓட்டணும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வாங்க, தாரேன்."

அவள் குரல் பழைய குரலாக இருந்தது. வாசலில் நின்றிருந்த பிரிஸ்கில்லா அதைக் கேட்டதும் உள்ளே வந்து துணியின் மறுமுனையைப் பிடித்தாள்.

"காப்பிக் கொட்டை மேல போடச் சொன்னேனே" என்று ஜீவானந்தம் முனகினார்.

"அதுக்கு இதுவே இருக்குதுங்க" என்று கிழிந்த தன் முதல் பாயைக் காட்டினாள் அற்புதம். "வெயில்ல மட்டும் போடக் கூடாது."

அவர் சிரித்துவிட்டார்.

இரண்டு நாளும் இரண்டு மெஷினும் நிற்கவில்லை. பிரிஸ்கில்லா துணியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டபடியே நகர்ந்தாள். தொப்பை வற்றியது. பழைய பாயிலிருந்து உரித்த நீலப் பட்டையில் வெயில் படாததால் வலு குறையவில்லை. அதை உருளை சுற்றும் திசைக்குச் சரியான பக்கம் வைத்துத் தைத்தாள் அற்புதம். மறுபேச்சுக்கு இடம் வேண்டாம் என்று அடிமூலையில் கொட்டை எழுத்தில் 'நீலம் வெளியே' என்றும் தைத்துவிட்டாள். தன் பெயரிருந்த துண்டை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மிச்சத்திலிருந்து ஓர் ஒட்டுப் போட்டாள்.

"பேரை ஏம்மா எடுத்துட்ட?" என்று பிரிஸ்கில்லா கேட்டாள்.

"போயிட்டு வா கண்ணு. வந்ததுக்கு அப்பறம் தெக்கறேன்."

மூன்று மாதத்தில் பிரிஸ்கில்லா கரை தொட்டபோதெல்லாம் போன் செய்தாள். மற்ற அம்மாக்கள் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அற்புதம் முதலில் கேட்டது, "நீலம் எந்தப் பக்கம் இருக்குது?"

"வெளியதாம்மா."

அதற்குப் பிறகுதான் சாப்பாட்டுப் பேச்சு. மாலத்தீவு தாண்டி இரண்டு நாள் பேய்க்காற்று அடித்ததாம். பாயைப் பாதி சுருட்டிக்கொண்டு ஓட்டினார்களாம். "அது தாங்கும்" என்று மட்டும் அற்புதம் சொன்னாள்.

ஏப்ரல் கடைசியில், மகள் கறுத்துப் போய், உதடு வெடித்து, பாய் மூட்டையோடு ஜீப்பில் வந்து இறங்கினாள். அற்புதம் அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே மூட்டையை அவிழ்த்தாள். அத்தாயி ஓரத்தை இழுத்து விரித்தாள்.

அற்புதம் மேஜை இழுப்பறையிலிருந்து, ஜனவரியில் வெட்டி வைத்த பெயர்த் துண்டை எடுத்துப் பட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். துண்டு இன்னும் பளிச்சென்று இருந்தது. பட்டை அதைவிட ஒரு சாயல் மங்கியிருந்தது. பிறகு பாயைப் புரட்டிப் போட்டு, அடிப்பக்கத்துத் தையல் ஒவ்வொன்றிலும் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். ஒரு நூலும் உதிரவில்லை.

"எப்படிம்மா இருக்குது?" என்றாள் பிரிஸ்கில்லா.

"நொம்ப நல்லா வெளுத்துருக்குது கண்ணு" என்று சொல்லிவிட்டு, அற்புதம் ஊசியில் வெள்ளை நூலைக் கோத்தாள்.