வேகன்களுக்கு மேல் ஒரு வெள்ளைக் கார்

1997ஆம் ஆண்டு மே மாதம், ஆம்பூர் இன்பராஜ் வீட்டுப் பின்புறத்தில் அறுநூற்று இருபது அடிக்கு போர்வெல் போட்டபோது தண்ணீர் வரவில்லை, நீராவி வந்தது. அவன் பதினெட்டு வருஷம் பாய்லர் பார்த்த தோல் தொழிற்சாலையை, கழிவுநீர் வழக்கில் அதற்கு முந்தின வருஷம்தான் மூடியிருந்தார்கள். பாய்லர் அணைந்த அன்று சில்லிட்ட அவன் கைகள் அதன் பிறகு சூடேறவே இல்லை. அவன் கைபட்ட டீ உடனே ஆறிவிடும். அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்த அவன் மனைவி கிறிஸ்டினா, டம்ளரை வாங்கி மறுபடி சூடு பண்ணிக் கொடுப்பாள்.

போர்க்காரர்கள் குழியை மூடிவிடச் சொன்னார்கள். இன்பராஜ் நீராவியில் கையைக் காட்டினான். சுடவில்லை, விரல்களில் ரத்தம் ஓடுவது தெரிந்தது. “நம்ம பாய்லர்தான். உள்ள போய் வேல செய்யுது,” என்றான். பழைய இரும்புக் கடையில் கிடைத்த காற்றாடியையும் டைனமோவையும் குழாயில் பூட்டினான். அந்தத் தெருவில் மின்வெட்டு அதோடு நின்றுபோயிற்று. மார்கழியிலும் தரை வெதுவெதுப்பாக இருந்ததால் ஊர்ப் பூனைகளெல்லாம் அங்கே குடிவந்தன. சென்னையிலிருந்து வந்த அதிகாரிகள் தெர்மாமீட்டரை இறக்கிப் பார்த்து, இந்த மண்ணில் இவ்வளவு சூடு இருக்க முடியாது என்று எழுதிக்கொண்டு, அதே நீராவியில் வெந்த இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

2003இல் அவள் வார்டு டாக்டர் ரெனால்ட் மாற்றலாகிப் போகும்போது, பெங்களூரில் வாங்கிய, சார்ஜ் நிற்காத தன் சின்ன வெள்ளை பேட்டரி காரை கிறிஸ்டினாவிடம் விட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் புறப்படும் முன் இன்பராஜ் அதை டைனமோவில் மாட்டினான். திரும்பி வந்தபோது கார் தரைக்கு நாலு விரற்கடை மேலே நின்றுகொண்டிருந்தது. கிறிஸ்டினா ஒரு சுற்று சுற்றிவந்து பார்த்தாள். “டயர் தேயாது,” என்றாள்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம் அடுத்த வீட்டு வாஹித் பாஷா ஓடிவந்தான். அவன் மனைவி சுகரா பேகத்துக்கு வலி எடுத்திருந்தது. ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தவறிப்போயிருந்தன. “அக்கா, ஒரு ஆட்டோவும் வரமாட்டேன்றான். கேட்டு சாத்தி ஒரு மணி நேரமாவுதாம்.”

இன்பராஜ் வெள்ளைக் காரை எடுத்தான். ரயில்வே கேட்டில் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ரயில் சிக்னல் கிடைக்காமல் நின்றிருந்தது. பின்சீட்டில் சுகராவைத் தாங்கியிருந்த கிறிஸ்டினாவின் புடவை நனைந்திருந்தது. “இன்னாங்க, ரத்தம் ஜாஸ்தியா போவுது. நின்னா ரெண்டு உசுரும் போய்டும்.”

 இன்பராஜ் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல் அழுத்தினான். கார் சத்தமே இல்லாமல் முன்னால் காத்து நின்ற லாரிகளுக்கு மேல் எழும்பி, கேட்டைத் தாண்டி, மேக நிழல்போல வேகன்களின் மேல் நகர்ந்தது. சுகரா முனகலை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். கீழே மணல் வெளுத்த பாலாறும், மொட்டை மாடிகளில் காயும் தோல்களும் மெல்லப் பின்னால் போயின. “அழகா கீது,” என்றாள். வார்டுக்குள் போன பத்தாவது நிமிஷம் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றியதில் தாயும் பிழைத்தாள்.

அடுத்த மாதம் மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் சோதனைக்கு வந்தார். “சக்கரம் தரையில படலியேப்பா, பிரேக்கை எப்படிப் பார்க்கிறது?” என்றார். “ஏறி உக்காருங்க சார்,” என்றான் இன்பராஜ். அரை மணி நேரம் கழித்துத் திரும்பிய இன்ஸ்பெக்டர், கலைந்த முடியைக் கோதிக்கொண்டு படிவத்தை நிரப்பினார். ‘வாகனத்தின் உயரம்’ என்ற இடத்தில் ‘தேவைக்கேற்ப’ என்று எழுதி முத்திரை குத்தினார்.