ஏழாவது பைப்

1
இந்தக் கதை என் வீட்டு அலமாரியிலிருந்து வந்தது. அதில் புகை பிடிக்கிற பைப்புகள் ஏழு இருக்கின்றன. டென்மார்க்கில் கையால் செதுக்கியவை. ஒன்றைப்போல் இன்னொன்று இராது. நான் புகைபிடிப்பதில்லை. சிரிக்கிறவர்கள் இத்தோடு எழுந்து போகலாம்.

(ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். திருத்துகிறேன் என்று யாரும் இதில் கைவைக்க வேண்டாம்.)

2
'ஐந்தருவியில் சாரல் பெய்துகொண்டிருந்தபோது அகமது கபீர்...'

வேண்டாம். எல்லாரும் சாரலில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

'கபீர் நல்லவன்.' அதுவும் வேண்டாம். எனக்கே முழு நிச்சயம் இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கபீர் தென்காசிக்காரன், என் கூட்டாளி. கப்பலில் வேலை. எழுபத்திரண்டிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் கோபன்ஹேகன் கடையில் விற்காமல் கிடந்த பழைய பைப் ஒன்றோடு வருவான். ஐந்தருவியில் நான் துண்டும் எண்ணெயும் விற்ற கடையில் உட்கார்ந்து, லீவு முடியும்வரை அதைப் பிடிப்பான்.

"நெருப்புப் படாத பைப் கசக்கும்லே தாணு. உள்ள கரி ஏறணும். நான் பழக்கித் தாரேன்."

"நான்தான் பிடிக்க மாட்டேனே, எனக்கு எதுக்குலே?"

"வச்சிரு. அடுத்த தடவை கேப்பேன்லா."

கேட்க மாட்டான். இன்னொன்று கொண்டுவருவான். அப்படி ஆறு.

3
எண்பத்திமூன்றில் பைப் மட்டும் வந்தது. கொண்டுவந்தவன் அவனோடு கப்பலில் இருந்த சங்கிலிப்பாண்டி.

"அவரு அங்கனயே இருந்துட்டாரு அண்ணாச்சி. இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

"இருந்துட்டாருன்னா?"

கையை விரித்தான். நான் நம்பவில்லை. கபீரின் உம்மா இறந்துபோனபிறகு, விசாரிக்க ஊரில் வேறு ஆளும் இல்லை.

பைப்புக்குள் விரல் விட்டுப் பார்த்தேன். கரி இல்லை. மற்ற ஆறிலும் வாய் வைக்கும் இடத்தில் அவன் கடித்த தடம் உண்டு. இதில் இல்லை.

(சீசனுக்கு வந்த மெட்ராஸ்காரர் ஒருவர், பைப் சேகரிப்பவராம், இதை மட்டும் விலைக்குக் கேட்டார். நெருப்பே படாததுதான் உசத்தியாம். அவரைக் கதையிலிருந்து அனுப்பிவிட்டேன்.)

4
என் வீட்டுக்காரி வடிவாம்பாள் எட்டிப் பார்த்தாள்.

"கதையிலயாவது அந்த மனுசனை வரவச்சிட்டியளா?"

"வந்தா பொய்யாயிரும்."

"கடையில சுத்தமான செக்கெண்ணெய்னு வித்தப்ப வராத கூச்சமா? ஆளை வரவைங்க. இல்லன்னா அதைப் பத்த வச்சித் தொலைங்க. வருசம் பூரா தொடச்சி வச்சிக்கிட்டு!"

எழுதிப் பார்த்தேன்.

'தென்காசி பஸ் ஸ்டாண்டில் கபீர் இறங்கினான். தலை நரைத்திருந்தது. "ஏலே தாணு, அந்தப் பைப்பை எடு. அதை இன்னும் பழக்கலைல்லா" என்று...'

அதற்குமேல் பேனா ஓடவில்லை.

5
முடிவு இரண்டு இருக்கிறது. ஒன்றில் நான் பற்றவைக்கிறேன். இருமுகிறேன். வீடு முழுக்க அவன் வாசனை. ஆனால் அப்புறம் அவன் வந்தால், அவன் செய்ய இங்கே வேலை கிடையாது.

இன்னொன்றில் அப்படியே வைத்திருக்கிறேன். ஒரு வேலை பாக்கி இருக்கிறவன் வரத்தானே...

புகையிலை அடைத்தாயிற்று. வடிவாம்பாள் தீப்பெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். சாரலில் குச்சி நமத்திருக்கும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். உரசிப் பார்க்கவில்லை.

நீங்கள் வேண்டுமானால் உரசிப் பாருங்கள்.