காந்தம் ஒட்டிய டிரம்

பழைய இரும்புக் கடையில் எனக்குப் பிரிக்கிற வேலை. கழுத்தில் ஒரு கயிறு, அதன் நுனியில் உள்ளங்கை அகலக் காந்தம். வந்து விழுகிற எதன்மீதும் அதை வைப்பேன். ஒட்டினால் இரும்பு, இடது குவியலுக்குப் போய் அங்கிருந்து அமுக்கும் மெஷினுக்குப் போய்விடும். ஒட்டாவிட்டால் பித்தளையா செம்பா என்று பார்த்து வலது பக்கம். கண் பார்ப்பதற்கு முன்னால் கை வைத்துவிடும், அப்படி ஊறிப்போன பழக்கம். வீட்டிலும் அண்ணியின் பாத்திரங்களில் வைத்துப் பார்த்துத் திட்டு வாங்கியிருக்கிறேன். கடையில் என் பெயரே காந்தம்தான்.

அன்று, மூடிப்போன ஹோட்டல் ஒன்றைக் காலி செய்த லோடு வந்தது. அந்த ஹோட்டலின் நடனக் கூடத்தில்தான் என் அண்ணன் டிரம் வாசித்துக்கொண்டிருந்தான். ஒரு காலையில் வேலைக்குப் போனவர்களை வாசலிலேயே நிறுத்திக் கதவைப் பூட்டிவிட்டார்கள். அவனுடைய ஸ்நேர் டிரம், அடியில் கம்பிகள் ஓடும் சின்ன டிரம், உள்ளே மாட்டிக்கொண்டது. கேட்டுக் கேட்டு நடந்து பார்த்தான். யாரும் திறக்கவில்லை. பிறகு பக்கவாதம் வந்து கட்டிலில் விழுந்தான். வலது கை போய்விட்டது. பேச்சு வரும், பேசமாட்டான். அண்ணி ஊட்டினால் ஒரு வாய், ரெண்டு வாய், அதற்குமேல் தலையை ஆட்டிவிடுவான். உடம்பில் இன்னும் தெம்பு இருக்கிறது, அவர்தான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த டிரம் கிடைத்தால் எழுந்து உட்காருவான் என்று அண்ணி நம்பிக்கொண்டிருந்தாள். நானும்தான்.

நாற்காலிக் கால்களுக்கும் திரைக் கம்பிகளுக்கும் நடுவில் ஒரு டிரம் கிடந்தது. தோல் கிழிந்து, வெள்ளிப் பூச்சு புள்ளி புள்ளியாகப் பொரிந்திருந்தது. அண்ணனுடையதோ என்று குனிந்தேன். அதற்குள் கை காந்தத்தை வைத்துவிட்டது. டக்கென்று ஒட்டியது.

அண்ணனுடையது வெள்ளிப் பூச்சுக்கு உள்ளே பித்தளை. அதை அவன் சொல்லாத ஆள் கிடையாது. காந்தத்தோடு என்னை மட்டும் அதன் கிட்டவே விடமாட்டான். அண்ணி வளையல் கேட்டால்கூட, வீட்டில்தான் இவ்வளவு பெரிய பித்தளை வளையம் இருக்கிறதே, போட்டுக்கொள்ளேன் என்பான். ஆகவே இது வேறு யாருடையதோ. இடது குவியலில் எறிந்தேன்.

அது உருண்டு கவிழ்ந்து வயிற்றைக் காட்டியது. தோலின் அதிர்வை அடக்க உள்ளே ஒரு சின்னத் திண்டு இருக்கும். வெளியே திருகினால் அது போய்த் தோலில் அழுந்தும். அந்தத் திண்டின்மேல் நீல ஸ்வெட்டர் துண்டு ஒன்று தைத்திருந்தது. அண்ணன் அந்த ஸ்வெட்டரின் கையை வெட்டியதற்காக அண்ணி பல நாள் முகம் கொடுக்காமல் இருந்ததும், கடைசியில் அவளே ஊசியை எடுத்துத் தைத்ததும் என் கண்ணெதிரே நடந்தவை. பெருக்கல் குறி போட்டாற்போல் அதே தையல்.

மெஷின்காரனை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே குவியலில் ஏறினேன். முதலாளி என்ன அது என்றார். சொன்னேன். "எடுத்துட்டுப் போ. வாளியா வெச்சுக்கலாம்னாலும் அடி இல்ல" என்றார்.

வேலை முடிந்ததும் வாத்தியங்கள் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே விரலை ஓட்டச் சொன்னார். மேலிருந்து கீழாக ஒரு தழும்பு தட்டுப்பட்டது. தகட்டை வளைத்துப் பற்றவைத்த இடம். விளிம்பில் அழுக்கைத் துடைத்துக் காட்டினார். இங்கிலீஷ் எழுத்து எனக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும். கூட்டிக் கூட்டிப் படித்தேன். ஜப்பான்.

பெயர்த் தகடு விழுந்து, அந்த இடத்தில் காற்றுத் துளை மட்டும் இருந்தது. தகடு இருந்திருந்தாலும் அதை நம்ப முடியாதாம். அந்தக் காலத்தில் அங்கே ஒரே பட்டறையில் செய்து, வாங்குகிற கடைக்காரன் பெயரை ஒட்டிக் கொடுப்பார்களாம். நடுவில் ஓடும் வரம்பையும், திருகாணி இறங்குகிற எட்டுக் குமிழ்களையும் வைத்துத்தான் அவர் கண்டுபிடிக்கிறார். மலிவாக விற்ற சாமான்தான் என்றார். பிறகு புதுத் தோல் மாட்டி, அடியில் ஓடும் சுருள் கம்பிகளை முடுக்கி, குச்சியால் ஒரே ஒரு தட்டு தட்டினார். கன்னத்தில் அறைந்தாற்போல் வந்து நின்றது சத்தம்.

"பித்தளைல கொஞ்சம் இழுவை இருக்கும். எஃகு அப்படி இல்ல, சொல்ல வந்ததைச் சொல்லிட்டு வாயை மூடிக்கும்" என்றார். இன்னும் ரெண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

அண்ணன் பித்தளை என்றுதானே சொல்வான் என்றேன். பித்தளை எங்கேயாவது துருப்பிடிக்குமா, தினமும் துடைத்து வைத்தவனுக்கு அது தெரியாமலா இருந்திருக்கும் என்று கேட்டார். வீட்டில் இந்தப் பேச்சை எடுக்காதே என்றும் அவரே சொன்னார்.

எடுக்கக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். உன் பித்தளை வந்துடுச்சு பார் அண்ணே என்று சொல்வதற்கும் தயாராக வைத்திருந்தேன்.

அண்ணி பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் தலையைத் திருப்பினான். போர்வைக்குள்ளிருந்து இடது கை வெளியே வந்தது.

"கொண்டா" என்றான்.

மடியில் வைக்கக் குனிந்தேன். கழுத்தில் தொங்கிய காந்தம் ஊசலாடிப் போய் டிரம்மில் ஒட்டியது. டக். அடியில் கம்பிகள் சரசரவென்று அதிர்ந்து அடங்கின.

அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இழுத்தேன், வரவில்லை. பக்கவாட்டில் தள்ளித்தான் பிய்க்க வேண்டியிருந்தது, கீறிக்கொண்டே வந்தது. அண்ணன் டிரம்மைப் பார்க்கவில்லை, அண்ணியைப் பார்த்தான். அவள் காந்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இரும்பா இருந்தா என்ன இப்ப" என்றாள், மெதுவாக. திட்டியிருக்கலாம்.

அண்ணனின் கை போர்வைக்குள் போய்விட்டது. அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அடுப்படியில் வைத்துத்தான் அண்ணி என்னிடம் கேட்டாள். "அதைக் கழட்டி வெச்சுட்டு வரக் கூடாதா தம்பி?" கழுத்தில் அது இருக்கிற நினைப்பே எனக்கு இருப்பதில்லை.

டிரம் இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வெளியே லாரி போனால் கம்பிகள் தானாக நரநரவென்று அதிரும். நேற்று அப்படி அதிர்ந்தபோது, கம்பிகளைத் தளர்த்தும் பக்கவாட்டு விசையைத் தட்டி நிறுத்த அண்ணி குனிந்தாள்.

"இருக்கட்டும்" என்றான் அண்ணன், சுவரைப் பார்த்தபடியே.

அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் திரும்பவில்லை.